கலந்தால்தான் வடிவம் தெரியும்

ஒரு கோபால்ட், மூன்று குளோரின், நான்கு அம்மோனியா. இந்தக் கணக்கில் இரண்டு உப்புகள் இருக்கின்றன. ஒன்று பச்சை, மற்றது ஊதா. இரண்டையும் சிதைத்து எடை போட்டுப் பார்த்தாலும் எந்தத் தனிமமும் கூடுதல் குறைவு இல்லாமல் ஒரே விகிதத்தில்தான் வருகிறது. அப்படியானால் நிறம் ஏன் வேறு? இத்தகைய நிறப் புதிர்கள்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கனிம வேதியியலாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தன. இன்று பிளஸ் டூ மாணவர் "சிஸ், டிரான்ஸ்" என்று இரண்டு சொல்லில் பதில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஏறக்குறைய இருபது ஆண்டு வழக்கு ஒன்று இருக்கிறது.

கோபால்ட் உப்பில் அம்மோனியாவை ஊற்றிக் காற்றுப்பட விட்டால் விதவிதமான நிறங்களில் படிகங்கள் கிடைக்கும் என்பது அப்போதே பழைய செய்தி. பிரான்சின் எட்மண்ட் ஃபிரெமி 1850களில் இவற்றுக்கு நிறத்தை வைத்தே பெயரிடத் தொடங்கினார். ஆறு அம்மோனியா கொண்ட மஞ்சள் உப்பு லூட்டியோ, ஐந்து கொண்ட செவ்வூதா உப்பு புர்புரியோ என்று பட்டியல் நீண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது வெளியே தெரிவதை வைத்துத்தானே பெயர் வைக்க முடியும்!

உள்ளே எட்டிப் பார்க்க அவர்களிடம் இருந்த முதல் கருவி சில்வர் நைட்ரேட். நீரில் கட்டில்லாமல் திரியும் குளோரைடு அயனியைச் சில்வர் உடனே பிடித்து வெள்ளை வீழ்படிவாக்கும். உலோகத்தோடு இறுகப் பிணைந்த குளோரினை அதனால் அசைக்க முடியாது. ஆறு அம்மோனியா கொண்ட உப்பில் மூன்று குளோரினும் வீழ்ந்தன. ஐந்து கொண்டதில் இரண்டு. நான்கு கொண்டதில் ஒன்றுதான். ஒரு அம்மோனியா வெளியேறினால் ஒரு குளோரின் உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது என்பது வரை எல்லோருக்கும் ஒப்புதல். எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதில்தான் தகராறு.

கோபன்ஹேகனில் இருந்த சோஃபஸ் யோர்கென்சன், சுவீடனின் புளோம்ஸ்ட்ராண்ட் 1869இல் சொன்ன சங்கிலிக் கோட்பாட்டைச் செப்பனிட்டு வைத்திருந்தார். கோபால்ட்டின் இணைதிறன் மூன்று. எனவே அதிலிருந்து மூன்று கைகள்தான் நீள முடியும். கரிமச் சேர்மங்களில் கார்பன்கள் கோத்துக்கொள்வதுபோல அம்மோனியாக்கள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாகின்றன. சங்கிலியின் நுனியில் இருக்கும் குளோரின் எளிதில் கழன்றுவிடும், நேரடியாகக் கோபால்ட்டில் இருப்பது கழலாது. சில்வர் நைட்ரேட் சோதனைக்கு இது சரியாகவே பொருந்தியது. கோட்பாடு முட்டாள்தனமானது அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பாடநூல்கள் யோர்கென்சனைத் "தோற்றவர்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகின்றன.

எதிர்த்தரப்பில் வந்தவர் அல்சேஸில் பிறந்த ஆல்பிரட் வெர்னர். 1893இல் தன் கட்டுரையை வெளியிட்டபோது அவருக்கு வயது 26. இந்தத் துறையில் அவர் சொந்தமாக ஒரு சோதனைகூடச் செய்திருக்கவில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்து, அன்று மாலை ஐந்து மணிக்குள் எழுதி முடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்தக் கட்டுரைக்குத் தேவையான தரவுகளில் பெரும்பகுதி யோர்கென்சனின் ஆய்வகத்திலிருந்து வந்தவை. வெர்னர் சொன்னது இதுதான்: கோபால்ட்டுக்கு இரண்டு வகை இணைதிறன்கள் உண்டு. மின்சுமையைச் சமன் செய்யும் முதன்மை இணைதிறன் மூன்று. தன்னைச் சுற்றி ஆட்களை அமர்த்திக்கொள்ளும் இரண்டாம் நிலை இணைதிறன் ஆறு. அந்த ஆறு இடங்களில் அம்மோனியாவும் அமரலாம், குளோரைடும் அமரலாம். உலோகத்துக்கு எலக்ட்ரான் இணையை ஈந்து அமரும் இந்த ஆட்களைத்தான் இன்று ஈனி என்கிறோம். ஒரே உலோகத்தைச் சுற்றி ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஈனிகள் அமர்ந்தால் அது கலப்பு ஈனி அணைவுச் சேர்மம்.

ஆறு இடங்கள் என்றால், அவை எப்படி அமைந்திருக்கின்றன? தட்டையான அறுகோணமா, முக்கோணப் பட்டகமா, எண்முகியா? எக்ஸ் கதிர்ப் படிகவியல் பிறக்க இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. வெர்னர் செய்தது எண்ணுதல் மட்டுமே.

ஆறு ஈனிகளும் ஒன்றே என்றால் எண்ணிப் பயனில்லை. அறுகோணமோ பட்டகமோ எண்முகியோ, எதிலும் ஒரே ஒரு அமைப்புதான் சாத்தியம். ஒரே சீருடையில் ஆறு மாணவர்களை நிறுத்தி இருவரை இடம் மாற்றினால், தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இருவருக்கு மட்டும் வேறு நிறச் சட்டை மாட்டிவிட்டால் தெரிந்துவிடும். நான்கு அம்மோனியா, இரண்டு குளோரைடு என்று கலந்து அமர்த்தும்போது அறுகோணத்தில் மூன்று மாற்றியங்கள் வரவேண்டும்: குளோரைடுகள் பக்கத்துப் பக்கத்தில், ஒன்று விட்டு ஒன்று, எதிரெதிராக. முக்கோணப் பட்டகத்திலும் மூன்று. எண்முகியில் இரண்டே இரண்டு: அடுத்தடுத்து இருந்தால் சிஸ், எதிரெதிரே இருந்தால் டிரான்ஸ். மூன்றும் மூன்றுமாகக் கலந்தாலும் இதே கணக்குதான்; முதல் இரண்டு வடிவங்களில் மூன்று, எண்முகியில் இரண்டு. ஆய்வகத்தில் எத்தனை முயன்றும் மூன்றாவது கிடைக்கவில்லை. ஆகவே எண்முகி.

வடிவத்தைக் காட்டிக்கொடுத்தது கலப்புதான். அணைவு வேதியியலின் வரலாற்றை இந்த ஒரு கோணத்தில் படித்தால் பல விஷயங்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கின்றன என்பது என் எண்ணம்.

ஆனால் "மூன்றாவது கிடைக்கவில்லை" என்பது பலவீனமான சாட்சியம். இன்று கிடைக்காதது நாளை கிடைக்கலாம். போதாக்குறைக்கு, பச்சை-ஊதா ஜோடியை யோர்கென்சன் எடுத்திருந்தது எத்திலீன் டைஅமீன் என்ற ஈனியோடு மட்டுமே. அது இரண்டு நுனிகளாலும் உலோகத்தைக் கவ்வும் இடுக்கி ஈனி. வெறும் அம்மோனியாவில் பச்சை மட்டும் இருந்தது, ஊதாவைக் காணோம். நிற வேறுபாட்டுக்குக் காரணம் அந்த ஈனியின் கார்பன் பாலம்தான் என்று யோர்கென்சன் வாதாட இடம் இருந்தது.

வெர்னர் மின்சாரத்தையும் சாட்சிக்கு அழைத்தார். இத்தாலியரான அர்துரோ மியோலாத்தியுடன் சேர்ந்து பிளாட்டினம் அணைவுகளின் கரைசல்களில் மின்கடத்துத்திறனை அளந்தார். அணைவுக்குள் அமர்ந்த குளோரைடு அயனியாகாது, வெளியே நிற்பது அயனியாகும். அயனிகள் குறையக் குறையக் கடத்துத்திறனும் குறைய வேண்டும். ஆறு அம்மோனியா கொண்ட பிளாட்டினம் உப்பு 523 காட்டியது. ஒவ்வொரு அம்மோனியாவாகக் குளோரைடுக்கு இடம் விட்டபோது 404, 229, 97 என்று இறங்கி, இரண்டு அம்மோனியாவும் நான்கு குளோரைடும் உள்ள சேர்மத்தில் பூஜ்யத்தைத் தொட்டது. அதன் பிறகு இன்னும் ஒரு அம்மோனியாவை எடுத்துவிட்டுக் குளோரைடை வைத்தால் அணைவே எதிர்மின்சுமை பெற்று, பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகி, கடத்துத்திறன் 109, 256 என்று மீண்டும் ஏறியது. வரைபடத்தில் போட்டால் பள்ளத்தில் இறங்கி ஏறும் கோடு. சங்கிலிக் கோட்பாட்டால் அந்தப் பள்ளத்தின் அடியை விளக்க முடியவில்லை. மூன்று அம்மோனியா, மூன்று குளோரின் கொண்ட இரிடியம் சேர்மத்தில் ஒரு குளோரின் சில்வரில் வீழும் என்று அந்தக் கோட்பாடு சொன்னது. யோர்கென்சன் தானே செய்து பார்த்தார், ஒன்றும் வீழவில்லை.

1907இல் வெர்னர் அம்மோனியா மட்டுமே கொண்ட ஊதா உப்பைத் தயாரித்துவிட்டார். யோர்கென்சன் தோல்வியை ஒப்புக்கொண்டார். 1911இல் வெர்னரின் அமெரிக்க மாணவர் விக்டர் கிங் இன்னும் ஒரு படி போனார். இரண்டு எத்திலீன் டைஅமீன், ஒரு அம்மோனியா, ஒரு குளோரைடு என்று மூன்று வகை ஈனிகளைக் கலந்த கோபால்ட் அணைவின் சிஸ் வடிவத்தை, வலக்கை இடக்கை போல ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத இரண்டு ஆடி பிம்பங்களாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று முனைவாக்கப்பட்ட ஒளியை வலப்புறம் திருப்பியது, மற்றது இடப்புறம். தட்டையான அறுகோணத்தில் இது நடக்கவே வழியில்லை. 1913இல் வெர்னருக்கு நோபல் பரிசு. 1921இல் வைகாஃபும் போஸ்நியாக்கும் அம்மோனியம் குளோரோபிளாட்டினேட் படிகத்தை எக்ஸ் கதிரில் பார்த்தபோது, பிளாட்டினத்தைச் சுற்றி ஆறு குளோரின்கள் எண்முகியாகவே இருந்தன. வெர்னர் 1919இலேயே இறந்துவிட்டிருந்தார்.

இனி ஆய்வகத்துக்குள் வருவோம். கலப்பு ஈனி அணைவைத் தயாரிப்பது, கலப்பது என்ற சொல் தரும் எண்ணத்துக்கு நேர் எதிரான வேலை. எல்லாவற்றையும் ஒரே குடுவையில் கொட்டிக் கலக்கினால் கிடைப்பது பெரும்பாலும் குழம்பிய கலவைதான். உலோகத்தின் குணத்தைத் தெரிந்து, வரிசையைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

மூன்று நேர்மின்சுமை கொண்ட கோபால்ட் பிடிவாதக்கார உலோகம். ஒரு முறை ஈனியைப் பிடித்தால் விட மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும். வெர்னர் காலத்துச் சேர்மங்கள் புட்டியில் அப்படியே நிலைத்து நின்று மாற்றியம் மாற்றியமாகப் பிரிய இடம் கொடுத்ததற்கு இந்தப் பிடிவாதமே காரணம். அதனால்தான் தயாரிக்கும்போது இரண்டு மின்சுமை கொண்ட கோபால்ட்டில் தொடங்குகிறார்கள்; அது ஈனிகளை நொடியில் மாற்றிக்கொள்ளும். அம்மோனியாவையும் அம்மோனியம் குளோரைடையும் சேர்த்து, காற்றையோ ஹைட்ரஜன் பெராக்சைடையோ விட்டு ஆக்சிஜனேற்றம் செய்தால் கோபால்ட் மூன்றாம் நிலைக்குப் போய், அப்போது கையில் இருந்த ஈனிகளோடு உறைந்துவிடுகிறது. ஒரு சிட்டிகை கரித்தூளைப் போட்டுச் செய்தால் ஆறு அம்மோனியா கொண்ட மஞ்சள் உப்பு; கரித்தூள் இல்லாமல் செய்து அமிலத்தோடு சூடாக்கினால் ஐந்து அம்மோனியாவும் ஒரு குளோரைடும் கொண்ட செவ்வூதா உப்பு. கரித்தூள் வினையில் செலவாவதில்லை. இருந்தும் எந்தக் கூட்டணி அமைகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

பிளாட்டினத்தில் வேறு தந்திரம். தள சதுர பிளாட்டினத்தில் ஒரு ஈனி, தனக்கு நேர் எதிரே இருக்கும் ஈனியின் பிடியைத் தளர்த்திவிடும். எல்லா ஈனிக்கும் இந்தத் திறன் சமமாக இல்லை. சோவியத் ஒன்றியத்தில் இல்யா செர்னியாயேவ் 1926இல் இதை விதியாக எழுதினார். டிரான்ஸ் விளைவு என்று பெயர். குளோரைடுக்கு இந்தத் திறன் அம்மோனியாவைவிட அதிகம். எனவே நான்கு குளோரைடு கொண்ட பிளாட்டினத்தில் அம்மோனியாவைச் சேர்த்தால், முதல் அம்மோனியா எங்கே வேண்டுமானாலும் அமரும். இரண்டாவது, ஒரு குளோரைடுக்கு எதிரே இருக்கும் குளோரைடைத்தான் கிளப்பும். விளைவு, இரண்டு அம்மோனியாவும் அடுத்தடுத்து: சிஸ். தலைகீழாக, நான்கு அம்மோனியா கொண்டதில் குளோரைடைச் சேர்த்தால் டிரான்ஸ். ஒரே பொருள்கள், வரிசை மட்டும் மாற, வேறு வேறு மூலக்கூறுகள். 1970இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் கெமிஸ்ட்ரி இதழில் எஸ்.சி. தாரா ஒரு மேம்பட்ட வழியைக் காட்டினார். குளோரைடுக்குப் பதில் டிரான்ஸ் திறன் இன்னும் கூடிய அயோடைடை முதலில் ஏற்றி, அம்மோனியாவைச் சிஸ்ஸாக அமரவைத்து, பிறகு சில்வரால் அயோடைடைப் பிடுங்கிக் குளோரைடை வைப்பது. டிரான்ஸ் கலப்படம் ஏறக்குறைய இல்லாமல் சிஸ் சேர்மம் கிடைத்தது. சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தான இந்தச் சேர்மத்தைச் செய்ய உலகெங்கும் இன்றும் அந்த வழியைப் பின்பற்றுகிறார்கள்.

தாமிரம் இவை இரண்டுக்கும் நேர்மாறு, பிடிவாதமே கிடையாது. தண்ணீரில் அது ஈனிகளை நொடியின் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் மாற்றிக்கொண்டே இருக்கும். இங்கே வரிசையைவிட விகிதமும் விருப்பமும்தான் முக்கியம். ஃபினாந்த்ரோலின் என்ற ஈனியையும் கிளைசின் என்ற எளிய அமினோ அமிலத்தையும் சம அளவில் கொடுத்தால், தாமிரம் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுப்பதாக வைத்துக்கொண்டால், பாதி மட்டும் கலப்பு அணைவாகும். கால் பங்கு இரட்டை ஃபினாந்த்ரோலின், கால் பங்கு இரட்டைக் கிளைசின். நிஜத்தில் கலப்பு அதைவிட அதிகம் விரும்பப்படுகிறது. ஃபினாந்த்ரோலின் வளையங்கள் தாமிரத்திடமிருந்து எலக்ட்ரான் அடர்த்தியைச் சிறிது தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. எலக்ட்ரான் குறைந்த தாமிரம், எதிர்மின்சுமையோடு வரும் ஆக்சிஜனைக் கூடுதல் ஆவலோடு பிடிக்கிறது. பாசல் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் சீகல் இதைச் சமநிலை மாறிலிகளாகவே அளந்து காட்டினார். ஆகவே ஆய்வகத்தில் வேலை எளிது: காப்பர் நைட்ரேட்டில் முதலில் ஒரு பங்கு ஃபினாந்த்ரோலின், பிறகு காரம் சேர்த்துப் புரோட்டான் நீக்கிய ஒரு பங்கு கிளைசின். சூடாக்கி, வடிகட்டி, மூடியில் சிறு துளையிட்டு ஒதுக்கி வைத்தால், கரைப்பான் மெல்ல ஆவியாகி நீலப் படிகங்கள் வரும். சில நேரம் வராது. பசைபோல ஏதோ ஒன்று அடியில் படிந்து கிடக்கும்; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

படிகம் வந்துவிட்டது. நாம் நினைத்ததுதானா அது?

தனிமப் பகுப்பாய்வு முதலில். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் சதவீதங்கள் கணக்கிட்ட மதிப்பிலிருந்து 0.4க்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது இதழ்களின் பழக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது. இரட்டை ஃபினாந்த்ரோலின் தாமிர நைட்ரேட்டும் இரட்டைக் கிளைசின் தாமிரமும் சரிபாதியாகக் கலந்த தூள், நாம் விரும்பிய கலப்பு அணைவின் அதே சதவீதங்களை அச்சுப் பிசகாமல் தரும். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். எனவே ஒரு கருவி போதாது.

அகச்சிவப்பு நிறமாலை, எந்த அணு உலோகத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும். கிளைசினின் கார்பாக்சிலேட் தொகுதிக்கு இரண்டு நீட்சி அதிர்வுகள். ஒரே ஆக்சிஜன் மட்டும் உலோகத்தைப் பிடித்திருந்தால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி வழக்கமாக 200 செ.மீ.⁻¹ஐத் தாண்டும். 1384ஐ ஒட்டி ஒரு கூரிய பட்டை தெரிந்தால் நைட்ரேட் உலோகத்தோடு சேராமல் வெளியே நிற்கிறது என்று ஊகிக்கலாம். அதைச் சரிபார்க்க, வெர்னர்-மியோலாத்தியின் பழைய கடத்துத்திறன் அளவீடே உதவிக்கு வருகிறது. டைமெத்தில் ஃபார்மமைடு கரைப்பானில் மோலார் கடத்துத்திறன் 65 முதல் 90 வரை இருந்தால் ஒரு நேர்மின் அயனி, ஒரு எதிர்மின் அயனி. வில்லியம் கியரி 1971இல் தொகுத்த இந்த அட்டவணையை மேற்கோள் காட்டாத அணைவு வேதியியல் ஆய்வேடு நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் அரிது.

காந்தத் தராசு, இணை சேராத எலக்ட்ரான்களை எண்ணும். இரு மின்சுமைத் தாமிரத்தில் ஒன்று; கோட்பாட்டு மதிப்பு 1.73 போர் மேக்னட்டான், அளவீட்டில் பொதுவாகச் சற்று மேலே. நிக்கலில் இதே எண் வடிவத்தையே சொல்லிவிடும்: தள சதுரமாக இருந்தால் பூஜ்யம், எண்முகியாக இருந்தால் 3ஐ ஒட்டி. தாமிரத்துக்கு அந்த வசதி இல்லை. எந்த வடிவத்திலும் ஒரு எலக்ட்ரான்தான். அங்கே எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு நிறமாலை கைகொடுக்கிறது.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. கோபால்ட்டில் ஐந்து அம்மோனியாவை அப்படியே வைத்துக்கொண்டு ஆறாவது ஈனியை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் உறிஞ்சும் ஒளி படிப்படியாக நகர்கிறது. ஜப்பானின் ரியூதாரோ சுச்சிதா இத்தகைய கோபால்ட் அணைவுகளை ஒப்பிட்டுத்தான் 1938இல் நிறமாலை வேதி வரிசையை எழுதினார். இங்கேயும் கலப்புதான் சாட்சி. அதோடு, சிஸ் வடிவத்துக்குச் சமச்சீர் மையம் கிடையாது, டிரான்ஸுக்கு உண்டு. அதனால் ஒத்த செறிவில் சிஸ் ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும்.

இத்தனைக்கும் பிறகு எக்ஸ் கதிர்ப் படிகவியல் வந்து வழக்கை முடித்துவைக்கும் என்று நாம் நம்புகிறோம். பெரும்பாலும் முடித்தும் வைக்கிறது. நம் தாமிரப் படிகத்தில் அது சதுரப் பட்டைக்கூம்பைக் காட்டும்: அடித்தளத்தில் ஃபினாந்த்ரோலினின் இரண்டு நைட்ரஜன், கிளைசினின் ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், எல்லாம் 2 ஆங்ஸ்ட்ராமை ஒட்டிய தொலைவில்; உச்சியில் 2.3 ஆங்ஸ்ட்ராம் அளவில் எட்டி நிற்கும் ஒரு நீர் மூலக்கூறு.

படிகம் கிடைக்காதபோதுதான் ஆபத்து. அகச்சிவப்பு, காந்தம், நிறமாலை மூன்றையும் வைத்துக்கொண்டு "எண்முகி வடிவம் முன்மொழியப்படுகிறது" என்று எழுதி, கணினியில் அழகான ஒரு படத்தையும் வரைந்து, இரண்டு பாக்டீரியாக்களின் தட்டில் தெளிவு வளையத்தை அளந்து முடிக்கும் கட்டுரைகள் ஆண்டுதோறும் குவிகின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் வெறும் காப்பர் நைட்ரேட்டும் வெறும் ஃபினாந்த்ரோலினும் தனித்தனியாகவே பாக்டீரியாவைக் கொல்லும் என்பதைச் சோதித்துப் பார்க்காமல், அணைவுக்குப் புகழ் சேர்ப்பது நியாயமில்லை. தாமிரம்-ஃபினாந்த்ரோலின் கூட்டுக்கு உண்மையான கதையே இருக்கிறது. அது டி.என்.ஏ.வை வெட்டும் என்று டேவிட் சிக்மனின் குழு 1979இல் கண்டது. மெக்சிகோவில் லேனா ருயிஸ் அசுவாரா இதே குடும்பத்துக் கலப்பு ஈனித் தாமிர அணைவுகளைக் காசியோபெய்னா என்ற பெயரில் புற்றுநோய்க்கு எதிராகப் பல பத்தாண்டுகளாக வளர்த்து வந்திருக்கிறார்.

படிகம் கிடைத்தாலும் ஏமாறலாம். 1971இல் இங்கிலாந்தில் ஜோசப் சாட்டும் அவருடன் பணிபுரிந்தவர்களும் மாலிப்டினத்தின் ஒரு கலப்பு ஈனி அணைவை வெளியிட்டார்கள்: ஒரு ஆக்சிஜன், இரண்டு குளோரைடு, மூன்று பாஸ்பீன். ஒரே வாய்ப்பாட்டில் இரண்டு வடிவங்கள். ஒன்று நீலம், மற்றது பச்சை. சிஸ்-டிரான்ஸ் வேறுபாடு இல்லை. எல்லா ஈனிகளும் அதே இடங்களில். எக்ஸ் கதிர் காட்டிய வேறுபாடு ஒன்றுதான். நீலத்தில் மாலிப்டினம்-ஆக்சிஜன் பிணைப்பு 1.68 ஆங்ஸ்ட்ராம், பச்சை வகையைச் சேர்ந்த நெருங்கிய உறவுச் சேர்மத்தில் 1.80. பிணைப்பு நீளம் மட்டும் மாறிய புதுவகை மாற்றியம் என்று அறிவிக்கப்பட்டது. மற்ற உலோகங்களிலும் இதேபோன்ற ஜோடிகள் தென்படத் தொடங்கின. 1980களில் ரோல்ட் ஹாஃப்மன் போன்ற பெரிய கோட்பாட்டாளர்கள்கூட அது ஏன் சாத்தியம் என்று விளக்கம் எழுதினார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் பார்க்கின் பச்சைத் தூளை மறுபடி கையில் எடுத்தார். அதில் நீலச் சேர்மத்தோடு வேறொன்றும் இருந்தது: ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவது குளோரைடு அமர்ந்த, மஞ்சள் நிற மாலிப்டினம் அணைவு. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை! இரண்டு மூலக்கூறுகளும் அளவிலும் வடிவிலும் நெருக்கமானவை என்பதால் ஒரே படிகத்துக்குள் ஒன்றின் இடத்தில் மற்றது சண்டையில்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. எக்ஸ் கதிர் தனி மூலக்கூறைப் பார்ப்பதில்லை. கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரியையே பார்க்கிறது. குளோரின் மாலிப்டினத்திலிருந்து 2.4 ஆங்ஸ்ட்ராம் அளவில் தள்ளி நிற்கும். எலக்ட்ரான்களும் அதற்கு அதிகம். சிறிதளவு குளோரின் கலந்தாலே சராசரிப் புள்ளி வெளிப்பக்கம் நகர்ந்து, ஆக்சிஜன் பிணைப்பு நீண்டதுபோலத் தோன்றும். பார்க்கின் குழு வேண்டுமென்றே நீலத்தையும் மஞ்சளையும் கலந்து படிகம் வளர்த்துக் காட்டியது. மஞ்சளைக் கூட்டக் கூட்ட "பிணைப்பு நீளம்" கூடிக்கொண்டே போனது. மஞ்சள் சேர்மம் காந்தத்தால் ஈர்க்கப்படுவது என்பதால், வழக்கமான அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் அது எளிதில் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருந்தது. இருபது ஆண்டுக் கோட்பாடு ஒரு சாயக் கலவையில் கரைந்துபோனது.

கோபால்ட்டின் பச்சையும் ஊதாவும் உண்மையான மாற்றியங்கள்; மாலிப்டினத்தின் பச்சை கலப்படம். வெளியிலிருந்து பார்க்க இரண்டு வழக்கும் ஒன்றுபோலவே இருந்தன. முதல் வழக்கில் சங்கிலிக் கோட்பாட்டுக்காரரே கடைசிவரை எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவதில் அப்படி ஒருவர் வர வெகுகாலம் ஆயிற்று.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. படிகத்தில் கண்ட அணைவு, கரைசலிலும் உடலிலும் அப்படியே இருக்குமா? இதற்கு நன்றாக ஆராயப்பட்ட பதில் சிஸ்பிளாட்டினிடம் உண்டு. இரண்டு அம்மோனியாவும் இரண்டு குளோரைடும் சிஸ்ஸாக அமர்ந்த இந்த மஞ்சள் சேர்மத்தை மைக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலியர் 1844இலேயே செய்துவிட்டார். நூற்றிருபது ஆண்டுகள் அது அலமாரிப் பொருள். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியாவின் மீது மின்புலத்தின் விளைவைச் சோதிக்கப் பிளாட்டினம் மின்வாய்களை வைத்தார். பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் நூல்நூலாக நீண்டன. மின்புலம் காரணமில்லை, மின்வாயிலிருந்து கரைந்த பிளாட்டினம், கரைசலில் இருந்த அம்மோனியாவையும் குளோரைடையும் பிடித்துக் கலப்பு அணைவாகியிருந்தது. 1978இல் அமெரிக்காவில் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது. விதைப்பைப் புற்றுநோயில் அது பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. டிரான்ஸ் வடிவத்துக்கு அந்த மருத்துவ குணம் இல்லை. இரண்டையும் வேறுபடுத்த ரஷ்யர் நிக்கோலாய் குர்னகோவ் 1893இலேயே தயோயூரியா சோதனையைக் கொடுத்திருந்தார். சிஸ் எல்லா ஈனிகளையும் தயோயூரியாவிடம் இழந்து மஞ்சளாகும். டிரான்ஸ் குளோரைடை மட்டும் இழந்து வெண்ணிற ஊசிகளாகும்.

ஆனால் டி.என்.ஏ.வைப் பிடிப்பது புட்டியில் இருந்த அந்த மூலக்கூறு அல்ல. இரத்தத்தில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல். அந்த நெரிசலில் பிளாட்டினத்தின் குளோரைடுகள் பெரும்பாலும் கழலாமல் நிற்கின்றன. செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவு. அங்கே போனதும் குளோரைடு விலகி நீர் அமர்கிறது. நீர் விலகி டி.என்.ஏ.வின் குவானைன் அமர்கிறது. அடுத்தடுத்த இரண்டு குவானைன்களைச் சிஸ் பிளாட்டினம் ஒருசேரப் பிடித்து டி.என்.ஏ. இழையை வளைத்துவிடுகிறது, இடம் எதிரெதிராக இருக்கும் டிரான்ஸுக்கு அந்தப் பிடி எட்டாது. இரண்டு அம்மோனியாவும் மட்டும் கடைசிவரை பிளாட்டினத்தோடு இருக்கின்றன.

இதனால்தான் சிஸ்பிளாட்டினை நோயாளிக்கு ஏற்றும்போது வெறும் குளுக்கோஸ் நீரில் கலப்பதில்லை. சோடியம் குளோரைடு உள்ள சலைனில்தான் கலக்கிறார்கள். ஏற்றும் பையிலேயே குளோரைடு கழன்றுவிடக் கூடாது. பின்னால் வந்த கார்போபிளாட்டினில் அந்த இரண்டு குளோரைடுகளுக்குப் பதில், இரு நுனிகளாலும் கவ்வும் ஒரே கார்பாக்சிலேட் ஈனி இருக்கிறது. அது மெதுவாகவே விலகும். சிறுநீரகத்துக்கும் கெடுதல் குறைவு. அதை 5 சதவீதக் குளுக்கோஸ் நீரிலேயே ஏற்றலாம்.